குழந்தையின் மூளையும் மயக்க வாயுவும்: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் குழந்தையைப் பார்க்கப் போனால், பெற்றோர் முதலில் சளி, காய்ச்சல், எத்தனை மணிக்குப் பால் கொடுப்பது என்றுதான் பேசுவார்கள். நான் கிளம்பி வாசல் வரை வந்த பிறகு அம்மாவோ அப்பாவோ பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "இந்த மருந்து மூளையைப் பாதிக்குமாமே, உண்மையா டாக்டர்?"

வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால் என்னிடம் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். உங்கள் குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்கு முக்கியம். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

மயக்க வாயுன்னு எதைச் சொல்றீங்க? ஊசியில போடுற மயக்க மருந்து வேறயா?

மூச்சு வழியாக உள்ளே போய் மயக்கம் தருகிற மருந்துகள் இவை. இன்று குழந்தைகளுக்கு அதிகம் பயன்படுவது செவோஃப்ளூரேன். பாட்டிலில் இருக்கும்போது இது திரவம். மயக்க இயந்திரத்தில் உள்ள ஒரு பகுதி அதை ஆவியாக்கி, நாங்கள் வைக்கிற அளவில் ஆக்ஸிஜனோடு கலந்து அனுப்பும். ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் இரண்டும் இதே குடும்பம். 1956 முதல் பல பத்தாண்டுகள் ஹாலோதேன்தான் குழந்தைகளுக்கு முதன்மை மருந்தாக இருந்தது. நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் உண்மையிலேயே வாயு.

குழந்தைகளுக்கு இந்த வழி ஏன் என்றால், விழித்திருக்கும்போது ஊசி குத்த வேண்டியதில்லை. செவோஃப்ளூரேன் தொண்டையை உறுத்தாது. டெஸ்ஃப்ளூரேன் உறுத்தி இருமலைக் கிளப்பும், அதனால் அதை வைத்து மயக்கத்தைத் தொடங்குவதில்லை. மாஸ்கை முகத்தில் வைத்த ஒரு நிமிடத்துக்குள் பிடி தளரும், கண் மேலே செருகும், சில குழந்தைகள் கை காலை உதறுவார்கள், மூச்சு கொஞ்சம் சத்தமாக வரும். கூட நிற்கிற அம்மாக்கள் இதைப் பார்த்துப் பதறிப்போகிறார்கள். மயக்கம் ஆழமாகிற வழியில் வருகிற ஒரு கட்டம் அது. குழந்தைக்கு அது நினைவில் இருக்காது.

இது மூளைக்குள்ள போய் என்னதான் செய்யுது?

நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ரசாயனத் தூதர்கள் உண்டு. காபா என்பது பிரேக் போடுகிற தூதர், குளுட்டமேட் முடுக்கிவிடுகிற தூதர். செவோஃப்ளூரேன் குடும்பம் முக்கியமாக காபாவின் பிடியை இறுக்குகிறது. நைட்ரஸ் ஆக்சைடும் கெட்டமின் என்ற ஊசி மருந்தும் குளுட்டமேட் வேலை செய்கிற என்எம்டிஏ வாசல்களை அடைக்கின்றன. எப்படியானாலும் செல்களுக்கு இடையிலான பேச்சு அடங்கிப்போகும். தூக்கம் என்று நாங்கள் சொன்னாலும் இது தூக்கமில்லை. தூங்குகிற குழந்தை வலித்தால் எழுந்துவிடும்.

வாயுவை நிறுத்தியதும் பெரும்பகுதி வந்த வழியே மூச்சில் வெளியேறிவிடும். செவோஃப்ளூரேனில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் கல்லீரலில் சிதைகிறது. பழைய ஹாலோதேனில் இது 20 சதவீதம் வரை இருந்தது. "மருந்து உடம்பிலேயே தங்கிடுமா" என்ற பயம் வேண்டாம். மருந்து போன பிறகும் அது செய்த வேலை ஏதாவது மிச்சம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

வளர்ற மூளைன்னா அப்படி என்ன வித்தியாசம்? பெரியவங்களுக்கு ஆகாதது குழந்தைக்கு ஏன் ஆகணும்?

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலிருந்து ஏறக்குறைய மூன்று வயது வரை, மூளையில் நரம்பு செல்களுக்கு இடையே இணைப்புகள் படுவேகமாக உருவாகின்றன. இயற்கை முதலில் தேவைக்கு மேலேயே செல்களை உண்டாக்கிவிடுகிறது. நல்ல இணைப்புக் கிடைத்து, அடிக்கடி தூண்டப்படுகிற செல் பிழைக்கும். அப்படிக் கிடைக்காத செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இது எல்லாக் குழந்தைகளிடமும் நடக்கிற இயல்பான களையெடுப்பு. இந்த நேரத்தில் மணிக்கணக்காக மருந்து கொடுத்து செல்களை அடக்கி வைத்தால், நல்ல செல்லும் தனக்கு வேலை இல்லை என்று எடுத்துக்கொண்டு அழிந்துவிடுமோ என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம்.

இன்னொன்றும் உண்டு. பிறந்த புதிதில் நரம்பு செல்லுக்குள் குளோரைடு அதிகமாக இருக்கும். அதனால் பெரியவர்களிடம் பிரேக்காக இருக்கிற காபா, மிகச் சிறு வயதில் சில செல்களை முடுக்கிவிடுகிறது. வளர வளரத்தான் அது பிரேக்காக மாறுகிறது. ஆபரேஷன் தியேட்டரிலேயே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தால் இந்த வயது வித்தியாசம் தெரியும். செவோஃப்ளூரேனில் இருக்கிற பெரியவரிடம் காணும் ஆல்ஃபா அலைகள், பிறந்த குழந்தையிடம் இருக்காது. நான்கு மாத வாக்கில்தான் தலைகாட்டத் தொடங்கும். அதே மருந்து, ஆனால் அதை வாங்கிக்கொள்கிற மூளை வேறு.

எலிக்கு நடந்ததுன்னு சொல்றாங்களே, அது என்ன ஆராய்ச்சி?

1999-ல், என்எம்டிஏ வாசல்களை அடைக்கிற மருந்துகள் எலிக்குட்டிகளின் மூளையில் செல் அழிவைப் பல மடங்கு கூட்டுகின்றன என்று கண்டார்கள். 2003-ல் வந்த ஆய்வு மயக்க மருத்துவத்தையே உலுக்கியது. பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளுக்கு மிடசோலாம், நைட்ரஸ் ஆக்சைடு, ஐசோஃப்ளூரேன் மூன்றையும் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்தார்கள். மூளையின் பல பகுதிகளில் செல்கள் அழிந்தன. அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகு, தண்ணீருக்குள் மறைத்து வைத்த மேடையைத் தேடிக் கண்டுபிடிக்கிற சோதனையில் பின்தங்கின. அந்த மூன்றும் நாங்கள் அன்றாடம் பயன்படுத்துகிற மருந்துகள்.

அப்புறம் குரங்குகள். பிறந்து சில நாளான ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு ஐந்து மணி நேரம் ஐசோஃப்ளூரேன் கொடுத்தபோது நரம்பு செல்களும், நரம்பிழைகளுக்கு உறை போடுகிற செல்களும் அழிந்தன. வேறொரு ஆய்வில் குட்டிக் குரங்குகளுக்கு நான்கு மணி நேரம் வீதம் மூன்று முறை செவோஃப்ளூரேன் கொடுத்தார்கள். பல மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்நியரைக் கண்டால் அவை மற்றக் குட்டிகளைவிடக் கூடுதலாகப் பதற்றம் காட்டின.

அப்போ எலிக்கு வந்தது என் பிள்ளைக்கும் வரும்தானே?

அப்படி நேராகப் பொருத்த முடியாது. எலியின் மூளை வேகமாக வளர்கிற காலம் இரண்டு மூன்று வாரம்தான், மனிதக் குழந்தைக்கு அது வருடக்கணக்கு. எலியின் ஆறு மணி நேரம் அதன் வளர்ச்சிக் காலத்தில் பெரிய துண்டு. தியேட்டரில் நாங்கள் மூச்சு, ரத்த அழுத்தம், உடல் சூடு எல்லாவற்றையும் நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கிறோம். கையளவுகூட இல்லாத எலிக்குட்டிக்கு அந்த அளவு கவனிப்பு கொடுப்பது மிகக் கடினம்.

ஆனால் குரங்கு ஆய்வுகளில் அந்தக் கவனிப்பும் இருந்தது. அதனால் "அது எலிக்கு, நமக்கு இல்லை" என்று தட்டிக்கழிக்கிற சக மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விலங்குகளில் பாதிப்பு உண்மை. எவ்வளவு நேரம், எத்தனை முறை, எந்த வயதில் என்பதைப் பொறுத்து அது கூடுகிறது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

மனுஷக் குழந்தைங்கள்ல யாராவது முறையா பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதிக நிம்மதி தந்த ஆய்வின் பெயர் காஸ். ஏழு நாடுகளில் 28 மருத்துவமனைகள், குடலிறக்க ஆபரேஷன் தேவைப்பட்ட 722 கைக்குழந்தைகள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு செவோஃப்ளூரேன் மயக்கம், மறு பாதிக்கு விழித்திருக்கும்போதே முதுகில் மரத்துப்போகிற ஊசி. மயக்கம் கொடுத்த நேரம் நடுவளவாக 54 நிமிடம். ஐந்து வயதில் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். ஊசிக் குழுவின் சராசரி 99.08, செவோஃப்ளூரேன் குழுவின் சராசரி 98.97. இரண்டும் ஒன்றுதான். 2019-ல் இந்த முடிவு வந்தது.

பாண்டா என்ற அமெரிக்க ஆய்வு உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டது. மூன்று வயதுக்குள் ஒருமுறை மயக்கம் பெற்ற பிள்ளை ஒருபுறம், பெறாத அண்ணனோ தங்கையோ மறுபுறம், மொத்தம் 105 ஜோடி. ஒரே வீடு, ஒரே பெற்றோர். 8 முதல் 15 வயதுக்குள் சோதித்தபோது இரண்டு பக்கமும் ஐக்யூ 111. அடுத்து, மேயோ கிளினிக் நடத்திய மாஸ்க் ஆய்வு 997 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது: மயக்கமே பெறாதவர், ஒருமுறை பெற்றவர், பலமுறை பெற்றவர். 2018-ல் வந்த முடிவில் ஐக்யூவில் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆக, உடல்நலமுள்ள குழந்தைக்கு ஒரே ஒருமுறை, ஒரு மணி நேர அளவிலான மயக்கம் புத்தியைக் குறைக்காது என்று பெற்றோரிடம் தயங்காமல் சொல்கிறேன்.

ஆனா படிப்புல பின்தங்குறாங்கன்னும் ஆய்வு இருக்கே? அதையும் படிச்சேன்.

இருக்கிறது. 2009-ல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் கவுண்ட்டியில் பிறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பழைய பதிவுகளை அலசினார்கள். நான்கு வயதுக்குள் ஒருமுறை மயக்கம் பெற்றவர்களுக்குக் கற்றல் குறைபாடு கூடவில்லை. இரண்டு முறை அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்குக் கூடியிருந்தது.

இந்த மாதிரி ஆய்வில் ஒரு சிக்கல் உண்டு. சின்ன வயதிலேயே பலமுறை ஆபரேஷன் தேவைப்படுகிற குழந்தை, மற்றக் குழந்தைகளைப் போல உடல்நலமுள்ள குழந்தை இல்லை. அடிக்கடி காதில் சீழ் வந்து காது மந்தமாக இருக்கலாம், குறைமாதத்தில் பிறந்திருக்கலாம், நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்திருக்கலாம். பாதிப்பு நோயாலா, ஆபரேஷனாலா, மருந்தாலா என்று பிரிப்பது கடினம். நெதர்லாந்தில் 1,143 ஒற்றைக்கரு இரட்டையர் ஜோடிகளைப் பார்த்த ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மயக்கம் பெற்ற பிள்ளைகள் பொதுவாகப் படிப்பில் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் ஜோடியில் ஒருவருக்கு மட்டும் மயக்கம் கொடுத்திருந்தால், பெறாத இரட்டைப் பிள்ளையின் மதிப்பெண்ணும் அதே அளவில்தான் இருந்தது. அப்படியென்றால் மருந்தைத் தாண்டி வேறு ஏதோ காரணம் இருந்திருக்கிறது.

சுவீடனில் நான்கு வயதுக்குள் ஒருமுறை ஆபரேஷன் ஆன 33,000-க்கும் மேற்பட்டவர்களின் பள்ளி மதிப்பெண்ணை 16 வயதில் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு. தாய் எவ்வளவு படித்தவர், பிள்ளை வருடத்தின் எந்த மாதத்தில் பிறந்தது என்பதெல்லாம் அதைவிட அதிக வித்தியாசம் செய்தன.

ஐக்யூ சரியா இருந்தா எல்லாம் சரின்னு அர்த்தமா?

இல்லை, நல்ல கேள்வி. மேலே சொன்ன மாஸ்க் ஆய்வில், பலமுறை மயக்கம் பெற்ற பிள்ளைகள் தகவலை உள்வாங்கிச் செயல்படும் வேகத்திலும், விரல்களின் நுட்பமான வேலையிலும் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். வாசிப்பதில் சிரமம், நடத்தைச் சிக்கல் இருப்பதாக அவர்களின் பெற்றோர் அதிகமாகச் சொன்னார்கள். காஸ், பாண்டா, மாஸ்க் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒருமுறை பெற்றவர்களிடமும் ஐக்யூ மாறவில்லை. ஆனால் பெற்றோர் நிரப்பிய நடத்தைக் கேள்வித்தாளில் மதிப்பெண் சற்று மோசமாக வந்தது.

வித்தியாசம் சிறியது. தன் குழந்தைக்கு ஆபரேஷன் நடந்ததை அறிந்த பெற்றோரே நிரப்பிய தாள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த முடிவை ஒதுக்கித்தள்ள எனக்கு மனமில்லை. கேட்கிற பெற்றோரிடம் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்காவுல அரசாங்கமே எச்சரிக்கை விட்டுச்சாமே?

ஆமாம். 2016 டிசம்பரில் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்டது. மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருக்கிற பெண்களுக்கும், மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ திரும்பத் திரும்பவோ இந்த மருந்துகளைக் கொடுத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்பது அதன் சாரம். 2017-ல் மருந்துகளின் குறிப்புத் தாளிலும் சேர்த்தார்கள். ஒரே ஒரு குறுகிய மயக்கம் கெடுதல் செய்ய வாய்ப்பில்லை என்றும், தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. பரவுகிற செய்திகளில் இந்த இரண்டு வரிகளும் காணாமல் போய்விடுகின்றன.

மூணு மணி நேரம்னா, ரெண்டே முக்கால் மணி ஆனா பரவாயில்லையா?

மூன்று மணி என்பது ஒரு தோராயமான கோடு. விலங்குகளில் அந்த அளவுக்கு மேல் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது என்பதால் போட்ட கோடு. அதைத் தாண்டின நிமிடத்தில் மூளை கெட்டுவிடும் என்றில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஆபரேஷன் நேரமும் மயக்க நேரமும் ஒன்றில்லை. சர்ஜன் "ஒரு மணி நேர வேலை" என்று சொன்னால், மயக்கம் கொடுத்து, ஊசி வழி ஏற்படுத்தி, முடிந்த பிறகு எழுப்புவது வரை ஒன்றரை மணி ஆகலாம். கேட்கும்போது "மொத்த மயக்க நேரம் எவ்வளவு" என்று கேளுங்கள்.

மூணு வயசு வரைக்கும் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டா நல்லதுதானே?

எந்த ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. பிறவிக் கண்புரையோடு பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே புரையை எடுக்க வேண்டும். இல்லையென்றால், தெளிவான பிம்பம் கிடைக்காத மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே கற்றுக்கொள்ளாது. மூன்று வயதில் எடுத்தால் கண் திறந்திருக்கும், பார்வை வராது. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு உள்காதுக் கருவியைத் தாமதப்படுத்தினால் பேச்சு தாமதமாகும். அண்ணப் பிளவும் அப்படித்தான். மூளையைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தள்ளிப்போட்டு, அதே மூளைக்குப் போய்ச் சேர வேண்டிய ஒளியையும் ஒலியையும் தடுத்துவிடுகிறோம். கைக்குழந்தையின் கவட்டைக் குடலிறக்கத்தில் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. விதைப்பைக்குள் இறங்காத விதையை 6 முதல் 18 மாதத்துக்குள் சரிசெய்யச் சொல்கிறார்கள்.

தள்ளிப் போடக்கூடியவையும் இருக்கின்றன. தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். அழகுக்காக மட்டும் செய்கிற சின்னத் திருத்தங்கள் காத்திருக்கலாம். சர்ஜனிடம் "இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்று நேராகக் கேளுங்கள். மூளை விஷயம் ஒருபுறமிருக்க, சில மாதமே ஆன குழந்தைக்கு மயக்கத்தின்போது மூச்சுத் தொந்தரவு வரும் வாய்ப்பும் அதிகம். காத்திருக்க முடிகிற ஆபரேஷன் காத்திருப்பதே மேல்.

வாயு வேண்டாம், ஊசியிலேயே மயக்கம் கொடுங்கன்னு கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அதனால் இந்தப் பிரச்சினையிலிருந்து தப்ப முடியாது. புரோபோஃபால், மிடசோலாம், கெட்டமின் எல்லாம் அதே காபா, என்எம்டிஏ வழியாகத்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்கும் அதே எச்சரிக்கை உண்டு.

வலிநிவாரணிகளான ஃபென்டானில் போன்றவையும், டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தும் வேறு வழியில் வேலை செய்கின்றன. அவை அந்த எச்சரிக்கையில் இல்லை. ஆனால் அவற்றை மட்டும் வைத்து எல்லா ஆபரேஷனையும் செய்துவிட முடியாது. முதுகில் போடுகிற ஊசி தொப்புளுக்குக் கீழே நடக்கிற சின்ன ஆபரேஷனுக்கு நல்ல வழி, ஆனால் கைக்குழந்தைக்கு அது ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். காஸ் ஆய்விலேயே ஊசி போதாமல் செவோஃப்ளூரேனுக்குப் போன குழந்தைகள் இருந்தார்கள். முதுகு ஊசியோ நரம்பு மரப்பு ஊசியோ வாயுவோடு சேர்த்துக் கொடுத்தால் வாயு குறைவாகத் தேவைப்படும். நான் முடிந்த இடத்திலெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

சரி, வாயுவை ரொம்பக் கம்மியா வச்சா போதாதா?

கைக்குழந்தைக்குப் பெரியவரைவிட அதிகச் செறிவு தேவை. கீறும்போது அசையாமல் இருக்க 40 வயதுக்காரருக்கு 2 சதவீத செவோஃப்ளூரேன் போதும், பிறந்த குழந்தைக்கு 3.3 சதவீதம் வேண்டும். தேவைக்குக் கீழே வைத்தால் குழந்தைக்கு வலிக்கும், சொல்லத்தான் தெரியாது.

இதில் வரலாறு ஒரு வேதனையான பாடம். 1980-கள் வரைகூடப் பச்சிளங்குழந்தைகளுக்குப் பல இடங்களில் தசையைச் செயலிழக்கச் செய்கிற மருந்தும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். அவர்களுக்கு வலி தெரியாது, மருந்துதான் ஆபத்து என்று நம்பினார்கள். 1987-ல் வந்த ஆய்வு, இதய ஆபரேஷன் ஆன குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு ஃபென்டானிலும் சேர்த்துக் கொடுத்தது. கொடுக்கப்படாத குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் எகிறின, ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்களும் அதிகம். மயக்கத்தைக் கண்டு பயந்து அந்தக் காலத்துக்குத் திரும்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

குறைந்த அளவு செவோஃப்ளூரேனோடு டெக்ஸ்மெடிடோமிடினும் ரெமிஃபென்டானிலும் சேர்த்துக் கொடுப்பதை வழக்கமான அளவு செவோஃப்ளூரேனோடு ஒப்பிட்டு, இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகளிடம் டிரெக்ஸ் என்ற ஆய்வு நடந்தது. மூன்று வயதில் சோதித்தபோது இரண்டு குழுவுக்கும் ஐக்யூவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

மருந்தை விட்டா வேற எதாலயாவது ஆபரேஷன் நேரத்துல மூளை பாதிக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் நீண்ட நேரம் தாழ்ந்தால் மூளைக்கு ரத்தம் குறையும். மூச்சை வேகமாகத் தள்ளி கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோனால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ மிகவும் இறங்கினால் வலிப்பு வரலாம். ஆக்ஸிஜன் குறைவது பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை மூளையைப் பாதிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மூன்று கிலோ குழந்தைக்கு இதையெல்லாம் சரியாக வைத்திருப்பதற்குப் பழகிய கை வேண்டும். இரண்டு விரல் அகலமே உள்ள பட்டையைக் கையில் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கிறோம். உடம்பு சில்லிட்டுப் போகாமல் அடியில் வெதுவெதுப்பான காற்றுப் படுக்கை ஓடுகிறது. எந்த வாயு என்று கேட்பதைவிட, "இந்த வயதுக் குழந்தைகளுக்கு நீங்கள் அடிக்கடி மயக்கம் கொடுப்பீர்களா" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் நல்ல மருத்துவர் யாரும் கோபப்பட மாட்டார்.

மயக்கம் தெளிஞ்சப்போ என் பிள்ளை என்னையே அடையாளம் தெரியாம கத்துச்சு. மூளையில ஏதாவது ஆயிருச்சா?

இல்லை. இது தெளியும்போது வருகிற குழப்பம். இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம், செவோஃப்ளூரேனுக்குப் பிறகு அடிக்கடி வரும். கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை உங்கள் மேல் நிற்காது. காலை உதைக்கும், கையிலிருக்கிற ஊசிக் குழாயைப் பிடுங்கும், தூக்கினால் முதுகை வில்லாக வளைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கொஞ்சம் தூங்கி எழுந்ததும் "அம்மா, தண்ணி" என்று கேட்கும், நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. வலியும் இதே மாதிரி கத்த வைக்கும் என்பதால் வலி மருந்து போதுமா என்று முதலில் பார்ப்போம். முன்பு ஒருமுறை இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள். குறைக்க மருந்துகள் இருக்கின்றன.

வீட்டுக்குப் போன பிறகு ஒன்றிரண்டு வாரம் சரியாகத் தூங்காமல் இருப்பது, உங்களை விட்டு நகர மறுப்பது, படுக்கையை நனைப்பது எல்லாம் வரலாம், போய்விடும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கறதுக்கே மயக்கம்னு சொல்றாங்க. அதைத் தவிர்க்க முடியாதா?

சில நேரம் முடியும். மூன்று மாதத்துக்குக் கீழான குழந்தையை வயிறாரப் பால் கொடுத்து, துணியில் இதமாகச் சுற்றி, தூங்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். வளர்ந்த பிள்ளையை முன்கூட்டியே பழக்கலாம். இடைப்பட்ட வயதில் பெரும்பாலும் மயக்கம் தேவைப்படும். அப்போது வேறு ஏதாவது செய்ய வேண்டியிருந்தால், காதுப் பரிசோதனையோ ரத்தம் எடுப்பதோ, ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். மருத்துவர்கள் வேறு வேறு துறை என்பதால் அவர்களாக இதை யோசிக்கத் தவறலாம்.

நான் எட்டு மாசம் கர்ப்பம். எனக்கு ஆபரேஷன்னா வயித்துல இருக்கிற பிள்ளைக்கு?

மயக்க வாயு நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். அதனால்தான் எச்சரிக்கையில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு செய்யக்கூடிய ஆபரேஷன் என்றால் காத்திருக்கலாம். குடல்வால் அழற்சி மாதிரி அவசரம் என்றால் காத்திருக்கவே கூடாது, தாய்க்கு ஆபத்து வந்தால் பிள்ளைக்கும் ஆபத்து. சிசேரியன் பெரும்பாலும் முதுகு ஊசியில் நடக்கிறது. முழு மயக்கம் கொடுத்தாலும் பிள்ளை சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும்.

பால் கொடுக்கிற எனக்கு மயக்கம் கொடுத்தா பாலைப் பிழிஞ்சு கொட்டணுமா?

வேண்டாம். நன்றாக விழித்து, பிள்ளையைத் தூக்கும் தெம்பு வந்ததும் கொடுக்கலாம்.

என் பிள்ளைக்கு ஏற்கெனவே நாலு ஆபரேஷன் ஆயிருச்சு, ரெண்டு வயசுதான். இப்போ இதைப் படிச்சு என்ன பண்றது?

முதலில், நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த நான்கும் தேவைப்பட்டதால் நடந்தவை. நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பலமுறை மயக்கம் பெற்றவர்களிடம் பார்த்த வித்தியாசங்கள் குழுவின் சராசரியில் தெரிந்தவை, சிறியவை. உங்கள் பிள்ளையைப் பற்றி அவை தனியாக எதுவும் சொல்லாது.

செய்யக்கூடியது இருக்கிறது. செவோஃப்ளூரேன் கொடுத்த எலிக்குட்டிகளைப் பிறகு பொம்மைகளும் ஏறி இறங்கும் இடங்களும் கூட்டாளிகளும் நிறைந்த பெரிய கூண்டில் வளர்த்தபோது, நினைவாற்றல் குறை சரியானது. வெறும் கூண்டில் வளர்ந்தவற்றுக்குச் சரியாகவில்லை. பிள்ளையிடம் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், மண்ணிலும் தண்ணீரிலும் விளையாட விடுங்கள், மணிகோர்க்கவும் கிறுக்கவும் கொடுங்கள். குழந்தைகள் மருத்துவரிடம் நான்கு ஆபரேஷன் விவரத்தையும் சொல்லி, பேச்சு, காது, கை வேலை ஆகியவற்றை முறையாகச் சோதிக்கச் சொல்லுங்கள், பள்ளிக்குப் போவதற்கு முன் இன்னொரு முறையும். பின்தங்கல் ஏதாவது இருந்தால் சீக்கிரம் பயிற்சி தொடங்குவது நல்ல பலன் தரும்.

ஒவ்வொரு ஆபரேஷனின் மயக்கக் குறிப்பையும் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள்: என்ன மருந்து, எத்தனை மணி நேரம், இடையில் ஏதாவது சிரமம் வந்ததா என்று. ஐந்தாவது ஆபரேஷனுக்கு வருகிற மயக்க மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.